மூலையில் மூன்று வரிசை

ஜனவரி 1, வியாழன்

பூச்சி மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி. கெட்டி அட்டை, தங்க எழுத்து. இதுவரை வந்த எந்த டைரியிலும் நான் ஒரு வரி எழுதியதில்லை. என் மனைவி ராசகனி தாள் தாளாகக் கிழித்து, அதன்மேல் முறுக்குப் பிழிந்து போட்டுவிடுவாள். இந்த வருஷம் டாக்டர் என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தினமும் நடக்க வேண்டும், நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

பெயர் சுயம்புலிங்கம். தொழில் உரம், பூச்சி மருந்து வியாபாரம். பாவூர்சத்திரம் சந்தை ரோட்டில் கடை, கடைக்குப் பின்னால் வீடு. ஒருவன் தோட்டத்திலிருந்து ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து மேஜையில் போட்டால் போதும், பார்த்த மாத்திரத்தில் நோயின் பெயரைச் சொல்லி, அதற்கான பாட்டிலை எடுத்து முன்னால் வைத்துவிடுவேன். கண்ணாடிகூடப் போடுவதில்லை. சுற்று வட்டாரத்தில் என்னை இலை டாக்டர் என்பார்கள். நானே எனக்குப் பட்டம் கொடுத்துக்கொள்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொல்கிறார்கள், எழுதுகிறேன்.

இன்று நடக்கவில்லை. புத்தாண்டு.

ஜனவரி 3, சனி

நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை.

பின்கட்டில் கால் வைக்க இடமில்லை. ராசகனி போன வருஷம் ஒரு இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போய் வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் எதுவும் வீணாவதில்லை, எல்லாம் நாறுகிறது. நீல கேனில் மாட்டு மூத்திரத்தில் ஊறும் நொச்சி, வேம்பு, எருக்கு இலைகள். அது பூச்சி விரட்டி. மண்பானையில் சாணியும் நெய்யும் பிசைந்து, மூத்திரமும் பாலும் தயிரும் பழமும் சேர்த்த பஞ்சகவ்யம். மூலையில் ஒரு பிளாஸ்டிக் கேனில் மீன் கழிவும் வெல்லமும். மருந்துக் கடைக்காரன் வீட்டின் பின்பக்கம் மருந்துக்கு எதிராக ஒரு தொழிற்சாலையே நடக்கிறது. வாடிக்கையாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன அண்ணாச்சி, எலி செத்துக் கெடக்கா?” என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் சும்மா விளையாடவில்லை. ஓடைக்கரையில் அவள் அப்பா கொடுத்த தோட்டத்தில் செடி அவரை போட்டிருக்கிறாள். என் கடையிலிருந்து ஒரு சொட்டு மருந்து அந்த வரப்பைத் தாண்டக் கூடாது என்பது அவள் சட்டம். காய்கறிச் சங்கத் தலைவர் பால்துரையிடமும் ஒரு பேச்சுப் பேசி வைத்திருக்கிறாள். மாசி முதல் ஞாயிறு சங்கத்து ஆட்கள் தோட்டத்துக்கு வந்து பார்ப்பார்கள். அவரை நன்றாக இருந்தால், சும்மா கிடக்கும் சங்கத்து வெங்காயக் கொட்டகை அவள் கைக்கு வரும். அங்கே எல்லாருடைய தோட்டத்துக்கும் சேர்த்து அவள் கரைசல் காய்ச்சிக் கொடுக்கலாம். சரியில்லை என்றால் பேச்சோடு சரி.

“ஒனக்கு எதுக்கு இந்த வேலை? வீட்டுல என்ன கொறை?” என்று கேட்டேன்.

“இருவத்தாறு வருசமா மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டின்னுதான் கூப்புடுதாவ. எம் பேரு பாதிப் பேருக்குத் தெரியாது. கொட்டகை வாசல்ல ஒரு போர்டுல எம் பேரப் பாக்கணும். அவ்வளவுதான்” என்றாள்.

நியாயம்தான். அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 5, திங்கள்

கை அரிப்பு. தோல் உரிகிறது. புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ராசகனி, “பொடி மருந்த வெறுங்கையில அள்ளாதீயன்னு எத்தனை தடவ சொல்லுதேன்” என்று ரப்பர் கையுறை வாங்கி வைத்திருக்கிறாள். கையுறை மாட்டிக்கொண்டு வியாபாரம் செய்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். சோப்பைத்தான் மாற்ற வேண்டும்.

ஜனவரி 8, வியாழன்

இன்று மானம் போயிற்று.

மதுரையிலிருந்து கம்பெனி அதிகாரி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, டை. புது மருந்தின் பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தபோது பின்கட்டில் டமார் என்று ஒரு சத்தம். ராசகனி மீன் கேனின் மூடியை இறுக்கித் திருகிவைத்திருந்தாள். உள்ளே மீன் புளித்துப் பொங்கி, மூடி பறந்து ஓட்டில் அடித்து, கேனில் இருந்ததெல்லாம் கொடியில் காய்ந்த என் வேட்டிகளில் விழுந்துவிட்டது. வாடை கடை முன்வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதிகாரி காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஓடிப் போய்ப் பார்த்தால் இவள் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். “இங்கேருங்க, நல்லாப் புளிச்சிருக்கு. கேன் வாய்க்குத் துணி கட்டியிருக்கணும், நான்தான் மூடியப் போட்டுட்டேன்” என்கிறாள். வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்று முறை துவைத்தும் வாடை போகவில்லை. ஆனால் மிச்சம் இருந்ததை முகர்ந்து பார்த்தேன். மீன் நாற்றத்துக்கு அடியில் பழ வாசனை மாதிரி ஒன்று இருந்தது. ஆச்சரியம்தான்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

கடை விடுமுறை. ஓடைக்கரை வரை நடந்தேன், கூட ராசகனி. இதுவரை அந்தத் தோட்டத்தை ரோட்டில் போகும்போது பார்த்ததோடு சரி. எனக்கு எப்போதும் இலை கடைக்கு வரும், நான் இலையிடம் போனதில்லை.

அவரை முழங்கால் உயரம். இலை கறுகறுவென்று இருந்தது. வெளிறல் இல்லை, சுருட்டை இல்லை. ஊதாப் பூ வைக்கத் தொடங்கியிருந்தது. “என்ன போட்ட?” என்று கேட்டேன். “ஒங்க வேட்டியில ஊத்துனதுல மிச்சம்” என்றாள்.

ஒரு பூங்கொத்தைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கடை மேஜையில் தண்ணீரில் வைத்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்பதற்காகத்தான்.

ஜனவரி 19, திங்கள்

வாடிக்கையாளர்கள் பூவைப் பார்த்துவிட்டு எந்தத் தோட்டம் என்று கேட்கிறார்கள். பெயரைச் சொல்லி வைத்தேன். விளம்பரம் இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில்.

ஜனவரி 21, புதன்

செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்துவிட்டது. பனி அதிகம், வராமல் இருக்குமா. ராசகனி ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். தண்டு தெரியாமல் கறுப்பாக மொய்த்திருக்கிறது. எறும்பு வரிசையாக ஏறுகிறது.

என் கை தானாக அலமாரிக்குப் போய்விட்டது. இதற்கென்றே ஒரு பாட்டில் இருக்கிறது, அடித்தால் மறுநாள் காலையில் செடி சுத்தம். அவள் என் கையைப் பார்த்தாள், நான் அலமாரியில் தூசி தட்டினேன்.

ஜனவரி 23, வெள்ளி

வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் முடிந்து, ராத்திரி முழுக்க ஊற வைத்துப் பிழிந்தாள். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்தாள். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு தானே அடித்தாள். கூப்பிட்டால் ஆள் வராமலில்லை, அவளுக்குத் தன் கையால் செய்ய வேண்டும். இலையின் அடிப்பக்கம் நனையும்படி குனிந்து குனிந்து அடிக்கிறாள். என் கடையில் மருந்து வாங்குகிறவன் எவனும் இப்படி அடிப்பதில்லை. மேலோட்டமாகத் தூவிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவான்.

நடந்தேனா என்று டாக்டர் கேட்டால், அவள் பின்னால் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு நாலு வரப்பு சுற்றியதைச் சொல்லலாம்.

ஜனவரி 28, புதன்

அசுவினி பாதி குறைந்திருக்கிறது. பாதி இருக்கிறது. “மறுபடி எப்ப அடிக்கப் போற?” என்றேன்.

“இனி அடிக்கல. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்” என்றாள் சாதாரணமாக.

எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. மனசு விட்டுப்போனவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள். மாசி ஞாயிறு நெருங்குகிறது. பால்துரை சந்தையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். செடி கறுத்துப்போய் நின்றால், இருபத்தாறு வருஷம் கழித்து ஒன்று கேட்டவள் ஊர் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும். அதை நான் எப்படிப் பார்ப்பேன்.

ஜனவரி 31, சனி

ராசகனி காலையில் சுரண்டைக்குக் கிளம்பிவிட்டாள். தங்கை பேத்திக்குக் காது குத்து, திங்கட்கிழமைதான் வருவாள். “தோட்டத்துப் பக்கம் போனா பாத்துட்டு மட்டும் வாங்க. ஒண்ணும் தொட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஓடைக்கரைக்கு நடந்தேன். ஓடைப் பக்கத்து மூலையில் அசுவினி கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. அது போதாது என்று ஒரு புதுப் புழு வந்திருக்கிறது. கறுப்பு. முதலையின் உடம்பு மாதிரி முதுகெல்லாம் முள்ளு முள்ளாக, இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் புள்ளி. கொழுந்துக்குக் கொழுந்து இரண்டு மூன்று ஊர்கிறது. இத்தனை வருஷம் எத்தனையோ இலை பார்த்திருக்கிறேன், இந்தச் சனியனை ஒருவன்கூடக் கொண்டு வந்ததில்லை.

கடைக்கு வந்து கம்பெனிக் கையேட்டைப் புரட்டினேன். எல்லாப் பூச்சிக்கும் படம் இருக்கிறது, பக்கத்தில் எந்தப் பாட்டில் என்று இருக்கிறது. இதற்கு மட்டும் படம் இல்லை. மருந்து எழுதப்படாத பூச்சி என்றால் எவ்வளவு மோசமான பூச்சியாக இருக்க வேண்டும். அவளுக்குப் போன் செய்தேன். மேளச் சத்தத்தில் நான் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். கடை திறக்கவில்லை. விடிந்ததும் ஓடைக்கரை வரை நடந்தேன். தோளில் வலி. வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

ராசகனி மத்தியானம் வந்தாள். வந்ததும் வராததுமாகத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கை இரண்டும் சிவந்து தடித்துப்போயிருக்கிறது. சட்டையை மாட்ட முடியவில்லை. சோப்புதான். ராசகனி குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் விரலாகத் தடவிவிட்டாள். வழக்கமாக இந்தக் கையைப் பார்த்தால் ஒரு மணி நேரம் திட்டுவாள். இன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

“சோப்பு” என்றேன்.

“ம்” என்றாள்.

பிப்ரவரி 4, புதன்

நடந்தேன். மூலை வரிசைகளில் அசுவினி இல்லை. புழுவும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. மற்ற இடத்தில் அந்தக் கறுப்புப் புழு கூடிவிட்டது. ஆனால் விநோதம், அங்கேயும் அசுவினி குறைகிற மாதிரி தெரிகிறது. என் கண் சரியில்லை. கண்ணாடி போட வேண்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை.

மூலையில் அசுவினி திரும்பி வந்துவிட்டது. முன்பு கொழுந்தில்தான் இருந்தது, இப்போது தண்டு, பூ, பிஞ்சு எங்கே பார்த்தாலும் கறுப்பு. இலை சுருண்டு, மேலே தேன் பூசினது மாதிரி பிசுபிசுப்பு. பத்தடி தள்ளி மற்ற வரிசைகளில் தேடினாலும் கிடைக்கவில்லை. அங்கே செடி செடியாகச் சிவப்புப் பொறிவண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கறுப்புப் புழு இலையடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. அதன் முதுகு வெடித்து, உள்ளேயிருந்து மஞ்சளாக ஒரு வண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முதுகில் புள்ளி விழத் தொடங்கியது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொறிவண்டு அசுவினியைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அதன் குஞ்சு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இலை டாக்டர்.

பிப்ரவரி 12, வியாழன்

மூலை வரிசையைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று ராசகனியிடம் கேட்டேன். பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

“நட்டது நிக்கட்டும். இருக்கத மறைச்சு ஒரு கொட்டகை எனக்கு வேண்டாம்” என்றாள்.

பிப்ரவரி 14, சனி

நாளைக்கு வருகிறார்கள். ராசகனி பட்டுச்சேலையை எடுத்து வெளியே தொங்கப் போட்டாள், பிறகு உள்ளே வைத்துவிட்டு நூல் சேலையை எடுத்தாள், பிறகு மறுபடி பட்டு. நான் கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனிக்காதவன் மாதிரி இருந்தேன். நடக்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

இதை முழுவதும் எழுத வேண்டும்.

காலையில் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது. அத்தனை பேரும் என் வாடிக்கையாளர்கள். நான் வரப்பில் பனை மரத்துக்குக் கீழே நின்றுகொண்டேன். ராசகனி நூல் சேலையில்தான் வந்தாள். கையில் ஒரு குச்சி, வாத்தியார் மாதிரி.

என்ன பேச்சு பேசுகிறாள். எந்த இலை எதற்கு, எதைக் கொதிக்கவைக்க வேண்டும், எதைக் கொதிக்கவைத்தால் கெட்டுவிடும், மீன் கேனை இறுக்கி மூடினால் என்ன ஆகும் என்று வரிசையாகச் சொன்னாள். என் வேட்டிக் கதையையும் சொல்லிவிட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்குக் கோபம் வரவில்லை. பால்துரை ஒரு அவரைக்காயைப் பறித்துப் பச்சையாகவே கடித்தார். இன்னொன்று பறித்தார். “காய்னா இது காய்” என்றார். கொட்டகை வந்துவிட்டது என்றே நினைத்தேன். ராசகனியின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு ஓடைப் பக்கத்து மூலைக்கு வந்தார்கள்.

பால்துரை நின்றார். குனிந்து ஒரு இலையைத் திருப்பினார். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. “ஏம்மா ராசகனி, இது என்ன? இந்த மூணு வரிசை மட்டும் இப்படிக் கெடக்கு?”

ராசகனி அந்தச் செடிகளைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை. ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

“அண்ணாச்சி, மத்தத எல்லாம் கேளுங்க, சொல்லுதேன். இந்த மூணு வரிசைக்கு எங்கிட்ட பதில் இல்ல” என்றாள்.

“அப்படிச் சொன்னா எப்படி? நாங்க ஏக்கர் கணக்குல போடுதவங்க. ஒரு எடத்துல கேக்கும், ஒரு எடத்துல கேக்காதுன்னா நம்பி எப்படி எறங்க?”

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒன்றிரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவே தொடங்கிவிட்டார்கள். ராசகனி குச்சியைக் கீழே போட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குத் தெரியும். சுரண்டையிலிருந்து வந்து தோட்டத்தில் கால் வைத்த அன்றே தெரியும். என் கையில் மஞ்சள் தடவியபோதே தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் கொட்டகை கிடைக்கும், நான் என் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் முன்னால் கேலியாவேன். அதற்குக் கொட்டகையே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

நான் வரப்பிலிருந்து இறங்கிப் போனேன்.

“பால்துரை அண்ணாச்சி, அது நான் செஞ்ச வேலை.”

“என்னவே சொல்லுதீரு?”

“தைப்பூசத்தன்னைக்குக் காலையில அவ ஊர்ல இல்ல. என் கடை மருந்த டேங்க்ல கலந்து கொண்டாந்து இந்த மூலையில நான்தான் அடிச்சேன். கறுப்பா ஒரு புழுவப் பாத்தேன், பயந்துட்டேன். அவ பேரு கெட்டுப்போயிரக் கூடாதுன்னு அடிச்சேன். மூணு வரிசை முடியும்போது ஒம்ம பைக்குச் சத்தம் ரோட்டுல கேட்டுச்சு. டேங்க்க ஓடைக்குள்ள போட்டுட்டு ஓடிட்டேன். அந்தப் புழு பொறிவண்டுக் குஞ்சு. அசுவினியத் திங்க வந்தது. நான் அதக் கொன்னுட்டேன், அசுவினி மட்டும் மிச்சத்துலேருந்து பெருகி வந்துட்டு.”

பால்துரை அந்த மூன்று வரிசையையும் பார்த்தார், பக்கத்து வரிசைகளையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அப்போ ஒம்ம மருந்து அடிச்ச எடம் இது. அடிக்காத எடம் அது.”

“ஆமா.”

“கடைக்காரரே சொல்லுதீரு.”

“நானே சொல்லுதேன்.”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிளம்பியவர்களும் திரும்பி வந்து என்ன என்ன என்று கேட்டு, சொன்னதும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து இலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். “இதுவா குஞ்சு? இத நானும்லா அடிச்சிருக்கேன்” என்று ஒருவர் சொன்னார். “நானும்தான்” என்று இன்னொருவர். ராசகனி குச்சியை மறுபடி எடுத்துக்கொண்டாள். முட்டை எப்படி இருக்கும், குஞ்சு எப்படி இருக்கும், கூடு எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இலையிலிருந்தே காட்டினாள். கரைசல் அடித்தாலும் இந்தக் குஞ்சு சாகுமா என்று ஒருவர் கேட்டார். “அசுவினிக்கு அடிக்கலாம். இந்த ஆளுக வந்துட்டாவன்னா நாம நிறுத்திக்கிடணும். அதுக்குத்தான் நான் பொறுத்தேன்” என்றாள்.

பால்துரை கொட்டகைச் சாவியை மடியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதோடு சொன்னார், “இந்த மூணு வரிசையப் புடுங்கிராத, தாயி. ஊர்ல இன்னும் பாக்க வேண்டிய ஆளுக இருக்காவ.”

எல்லாரும் போன பிறகு அவளும் நானும் மட்டும் நின்றோம்.

“தெரிஞ்சும் ஏம்ட்டி ஒரு வார்த்தை கேக்கல?” என்றேன்.

“கேட்டா ஏதாவது ஒரு பதில் சொல்லியிருப்பீய. நானும் ஒங்களுக்காக அத நம்பியிருப்பேன். அதுக்குக் கேக்காமலே இருக்கலாம்” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தடிப்பு ஆறிக்கொண்டு வருகிறது. “ஒங்க கையப் பாத்துத்தானே இந்த நாத்தத்தையே கட்டிக்கிட்டேன். மறுபடி இதே கையால அள்ளியிருக்கீயளே” என்றாள். அழுதுவிட்டாள்.

சோப்பு இல்லை. எனக்குத் தெரியும். வருஷக்கணக்காகத் தெரியும்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று கையுறை மாட்டிக்கொண்டு வியாபாரம் பார்த்தேன். ஆஸ்பத்திரி மாதிரிதான் இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

போர்டு எழுதுகிறவர் கடைக்கு வந்து என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். ராசகனி இயற்கைக் கரைசல் என்று எழுதச் சொன்னேன். அடியில் உங்கள் பெயரும் கடைப் பெயரும் போடட்டுமா என்றார். வேண்டாம், அந்தப் பேரை இன்னும் பெரிதாக எழுதுங்கள் என்றேன்.

சாவி கிடைத்தாலும் பழைய கேன்கள் இன்னும் பின்கட்டில்தான். வியாபாரம் கொஞ்சம் படுத்திருக்கிறது. கடையில் முன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து அவள் பாட்டில்களை வைத்தேன். கம்பெனி அதிகாரி போனில் கத்தினார். டைரி நன்றாக இருக்கிறது, எழுத வசதியாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆவுடையானூர்க்காரர் ஒருவர் வந்தார். இதுவரை பார்த்ததில்லை, புது ஆள். ஒரு பிளாஸ்டிக் கவரில் அவரைக் கொழுந்து ஒன்றை முழுசாக ஒடித்துக் கொண்டு வந்திருந்தார்.

“அண்ணாச்சி, அசுவினியோட சேந்து இந்தக் கறுப்புப் புழு ஒண்ணு தோட்டம் பூராம் வந்துட்டு. நல்ல வெசமா ஒண்ணு குடுங்க.”

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். கவரைத் திறந்து பார்த்தேன். நாலு குஞ்சு, நல்ல கொழுத்த குஞ்சுகள். கவருக்குள்ளேயும் சும்மா இல்லாமல் அசுவினியைத் தின்றுகொண்டிருந்தன.

“இதுக்கு மருந்து கெடையாது” என்றேன்.

“மருந்துக் கடையில மருந்து இல்லைன்னா எப்படி?”

“இது பூச்சி இல்ல. பொறிவண்டுக் குஞ்சு. ஒமக்கு வேலைக்கு வந்த ஆளு. கொண்டு போய் எடுத்த செடியிலேயே விட்டுரும்.”

அவர் என்னையும் பின்னால் இருந்த அலமாரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒமக்கு யாரு சொன்னா?”

“எம் பொண்டாட்டி. பேரு ராசகனி” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

பின்கட்டில் கேனைக் கலக்குகிற சத்தம் நின்றது. ராசகனி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, கவரை வாங்கிப் பார்த்தாள். “இதுக வெயில்ல செத்துரும், நானே வந்து விட்டுத் தாரேன்” என்றாள். நானும் ஷட்டரை இழுத்துவிட்டு இறங்கினேன். கடை திறந்த நாளிலிருந்து வியாபார நேரத்தில் ஷட்டர் விழுந்தது இன்றுதான் முதல் முறை. ஒரு ஆளை வெறுங்கையோடு அனுப்பியதும் இன்றுதான் முதல் முறை. எத்தனையோ பாட்டில் விற்ற நாட்களில் இல்லாத பெருமை அதில் இருந்தது.

ஆவுடையானூரில் தோட்டத்துக்குப் போகிற வழியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ராசகனியைப் பார்த்து, கொட்டகைக்கார அக்கா வருகிறார் என்று வழி விட்டார்கள். அவளுக்குப் பின்னால் கவரைத் தூக்கிக்கொண்டு போன என்னைக் காட்டி ஒருவர் கேட்டது காதில் விழுந்தது.

“கூடப் போறது யாரு?”

“ராசகனி வீட்டுக்காரரு.”

நடந்தது: ஆவுடையானூர் வரை, திரும்பவும் நடந்தே. கால் வலி இல்லை.